பன்னிரண்டாவது மரம்

சாலை வரப்போகிறது.
அதற்கு முன்னால் நாங்கள் வருகிறோம்:
நான், அளவுநாடா, பதிவேடு,
சிவப்புச் சாயவாளியோடு ஃபூதா.

நியோங் ஆற்றுக்கு இக்கரையில்
மரத்துக்கு ஓர் எண் எழுதி,
எண்ணுக்கு எதிரே விலை எழுதி,
விலைக்குக் கீழே
ஒரு பெருவிரலை வாங்கிக்கொள்கிறோம்.
கொக்கோவுக்கு இவ்வளவு.
வாழை குலை தள்ளியிருந்தால் இவ்வளவு.
கல்லறைக்குத் தனிப் படிவம்.

ஒடிலியா மெங்கேயின் கொல்லையில்
சஃபூ மரங்கள் பன்னிரண்டு.
பதினொன்றில் காய்கள்
இளஞ்சிவப்பிலிருந்து கருநீலத்துக்கு
இறங்கிக்கொண்டிருந்தன,
கதவிடுக்கில் நசுங்கிய நகம் மாதிரி.
பன்னிரண்டாவது சும்மா நின்றது.
உயரம் என்னவோ அதுதான்.
பட்டையில் கசிந்து இறுகிய பிசினைத் தொட்டேன்,
விரலில் நாள்பூரா
ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் வாசம்.

"காய்க்குமா?"
"அது ஆண்."
"அப்படியானால் விறகு விலைதான்" என்றேன்.
படிவத்தில் காய்க்கும் மரம் உண்டு,
காய்க்காத மரம் உண்டு,
மூன்றாவது கட்டம் கிடையாது.

அவள் குரலை உயர்த்தவில்லை.
"பதினோரு பெண்டாட்டிக்காரனை
மலடன் என்று எழுதுகிறாயே,
உன் அப்பன் பிள்ளை பெற்றானா?
அவனுக்கு என்ன விலை போட்டாய்?"
ஃபூதா சிரித்ததில் சாயம் சிந்தியது.
எறும்புகள் அந்தச் சிவப்பைச் சுற்றிக்கொண்டு போயின.

விதை போடும்போது யாருக்கும் தெரியாதாம்.
ஐந்தாறு மழை பார்த்துப் பூத்த பிறகுதான்
ஆணா பெண்ணா என்று மரம் வாய் திறக்குமாம்.
பக்கத்துத் தோட்டத்து அத்தங்கானா
தண்டச்சோறு என்று தன் ஆண்மரத்தை வெட்டினான்.
"அடுத்த வருஷம்
அவன் வீட்டுத் தேனீயெல்லாம்
என் கொல்லையில் வந்து கடன் கேட்டது."

இருட்டிவிட்டது. காலையில் எழுதலாம் என்றேன்.
சுடுசாம்பலில் நான்கு பழம் புதைத்து
வாட்டிய சோளத்தோடு தந்தாள்.
கொதிக்கவிட்டால் முறுக்கிக்கொள்ளும் பழம்,
சாம்பலில் கொஞ்சநேரம் கிடந்தால் வெண்ணெய்.
புளிப்பு, அதன் மேல் உப்பு,
தொண்டைக்குள் எண்ணெயாய் வழுக்கும் பச்சைச் சதை.
கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
அரசாங்கச் சட்டை. கறை இன்னும் போகவில்லை.

காலையில்
பன்னிரண்டாவது மரத்தில்
கைக்கு எட்டும் கிளையில் ஏழு பழங்கள்.
ஏழும் ஒரே பழுப்பு.
ஒவ்வொரு காம்பிலும் வெள்ளைத் தையல்நூல்,
இரட்டை முடிச்சு.
கடைசியில்
ஊசியைக் கழற்ற மறந்திருந்தாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை;
இல்லாத கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள்.
ஃபூதா என்னைப் பார்த்தான்.
பதினேழு வருஷமாக
ஒரு வாழைக்கன்றுக்குக்கூட
நான் பொய் எழுதியதில்லை என்பது
அவனுக்குத் தெரியும்.

விரலை நீட்டி எண்ணினேன், உரக்க,
சாட்சிக்குக் கேட்க வேண்டும் அல்லவா.
ஏழு.
காய்க்கும் என்று எழுதினேன்.
ஊசியைப் பிடுங்கி
அவள் கதவுச் சட்டத்தில் குத்திவிட்டு வந்தேன்.

மண்வாரி இயந்திரத்துக்கு
ஆண் பெண் கட்டம் கிடையாது.
பன்னிரண்டும் ஒரே முற்பகலில் விழுந்தன.
அதற்கு அடுத்த பூக்காலத்தில்
தேனீக்கள் அந்த உயரத்துக்கு வந்து
வெறுங்காற்றில் கொஞ்சநேரம் நின்றதாக
ஃபூதா சொல்கிறான்.
அவன் எதையும் கூட்டிச் சொல்பவன்.

ஒடிலியாவுக்குப் பணம் இன்னும் வரவில்லை.
தலைமை அலுவலகத்திலிருந்து
ஒரு கேள்வி வந்திருக்கிறது:
மரம் எண் பன்னிரண்டு,
ஆண்டு விளைச்சல் எவ்வளவு?

ஏழு
என்று பதில் போட்டிருக்கிறேன்.